இலையைப் படித்தவர்கள்

மனிதனுக்கு நோய் வந்தால் வாய் திறந்து சொல்கிறான். மாட்டுக்கு நோய் வந்தால் தீனியை வெறுத்துத் தலையைத் தொங்கப் போட்டுக் கொள்கிறது. செடிக்கு நோய் வந்தால் அது என்ன செய்யும்? அதற்கு வாயும் இல்லை. நகர்ந்து வந்து நம் காலடியில் படுத்துக் கொள்ளவும் முடியாது. நின்ற இடத்தில் நின்றபடியே இலையின் நிறத்தை மாற்றிக் கொள்கிறது. பச்சையாய் இருந்தது மஞ்சளாகிறது, அல்லது சிவக்கிறது, அல்லது ஓரம் கருகுகிறது. அந்த ஊமைப் பாஷையில் அது எழுதும் விண்ணப்பத்தைப் படிக்கத் தெரிந்தவன் செடியைக் காப்பாற்றுகிறான். படிக்கத் தெரியாதவன் குடம் குடமாய்த் தண்ணீரை ஊற்றி அதன் கதையை முடித்து வைக்கிறான்.

நிறம் மாறுவதைக் கண்டு நோயை அறியும் கலை தமிழர்களுக்குப் புதிதன்று. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றத்திற்குப் 'பசலை' என்று பெயர் வைத்தவர்கள் அல்லவா நாம்? வள்ளுவர் அதற்கென்றே 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஆனால் சங்கப் பாடல்களில் இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. மகள் மேனி வெளுப்பதைத் தாயும் பார்க்கிறாள், தோழியும் பார்க்கிறாள். தாய் பயந்து போய் இது முருகன் அணங்கிய குறை என்று முடிவு கட்டி, வேலனை வரவழைத்து, ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து வெறியாட்டு நடத்துகிறாள். தோழிக்கோ காரணம் மலையடிவாரத்தில் சந்தித்த தலைவன் என்று தெரியும். நிறம் ஒன்றுதான், நிதானம் இரண்டு. ஒன்று கல்யாணத்தில் முடியும். மற்றொன்றில் ஆட்டுக்குட்டி ஒன்று அநியாயமாய்ச் சாகும்.

செடிகளின் பசலையை மனிதன் படிக்கக் கற்றுக் கொண்ட சரித்திரமும் இதே மாதிரிதான். வெறியாட்டுகளும் அதில் உண்டு. விவரம் தெரிந்த தோழிகளும் உண்டு.

*

இந்தச் சரித்திரத்தைச் சொல்லத் தமிழ்நாட்டில் தகுந்த இடம் எது என்று கேட்டால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே உள்ள சாலையைத்தான் சொல்வேன். சுமார் 12 கிலோமீட்டர் தூரம். மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். அதன் காலடியில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும். இறவைப் பாசனம் உள்ள இடங்களில் நெல்லும் கரும்பும் வாழையும். கிழக்கே போகப் போகக் கரிசல் காடு. அங்கே பருத்திதான் ராஜா. ஒரே நாள் நடையில் மனிதன் இத்தனை விதமான இலைகளைப் பார்க்கக் கூடிய இடங்கள் நிறைய இல்லை.

அதோடு, ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருமாளே இலையோடு சம்பந்தப்பட்டவர். வடபத்ரசாயி என்றால் ஆலிலையின் மேல் பள்ளி கொண்டவர் என்று பொருள். அவருக்கு மாலை கட்டித் தருவதையே வாழ்க்கையாகக் கொண்டவர் பெரியாழ்வார். 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர் அவர் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். ஆழ்வார்களில் பல தரத்தவர் உண்டு. மன்னரும் உண்டு, வீரரும் உண்டு. தோட்டக்காரராக இருந்து ஆழ்வார் ஆனவர்களில் இவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில், ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பது வரலாறு. அந்த நந்தவனம் இன்றும் கோயிலை ஒட்டிப் பாதுகாக்கப்படுகிறது.

பக்தர்களுக்கு அது தெய்வீகமான கதை. தோட்டம் போட்டவர்களுக்கு அதில் இன்னொரு செய்தியும் உண்டு. துளசிச் செடியின் அடியில் கிடக்கும் குழந்தை யாருடைய கண்ணில் படும்? தினமும் காலையில் எழுந்து, ஒவ்வொரு செடியின் தூரிலும் குனிந்து பார்க்கிறவரின் கண்ணில்தான் படும். மாலைக்குப் பழுத்த இலையும் பூச்சி அரித்த இலையும் ஆகாது. ஆகவே நந்தவனம் வைத்தவருக்கு இலையைப் புரட்டிப் பார்ப்பது நித்திய கைங்கரியம்.

*

அந்தக் காலத்துத் தோட்டக்காரர்களுக்கு உதவியாக வடமொழியில் 'விருட்சாயுர்வேதம்' என்றொரு சாஸ்திரம் இருந்தது. மனிதருக்கு ஆயுர்வேதம் போல மரங்களுக்கும் ஓர் ஆயுர்வேதம். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய 'பிருகத் சம்ஹிதை'யில் இதற்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. குளிராலும் காற்றாலும் வெயிலாலும் மரங்களுக்கு நோய் வருகிறது என்கிறார் அவர். அறிகுறிகளையும் வரிசைப்படுத்துகிறார்: இலை வெளுத்துப் போகும், தளிர் வளராது, கிளை காயும், சாறு வடியும். முதல் அறிகுறியாக இலையின் வெளுப்பைச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். சிகிச்சை என்ன? கெட்ட பாகத்தைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, வாய்விளங்கமும் நெய்யும் சேற்றில் குழைத்துப் பூசி, பால் கலந்த நீரைத் தெளிக்க வேண்டும்.

இவருக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சுரபாலர் இன்னும் விரிவாக எழுதினார். 325 சுலோகங்கள் கொண்ட தனி நூல் அது. அவர் வைத்தியர், ஆகவே மரங்களுக்கும் வாதம், பித்தம், கபம் என்று மூன்று தோஷங்களைப் பிரித்தார். இலை மஞ்சளாகிக் காய் பிஞ்சிலேயே உதிர்ந்தால் பித்தம். மரம் வெளிறிக் குறுகி, தாமதமாய்க் காய்த்து, காயில் ருசி இல்லாமல் போனால் கபம். பித்தம் என்றால் பாலும் தேனும் அதிமதுரமும் இலுப்பையும் சேர்ந்த கஷாயத்தை வேருக்கு ஊற்ற வேண்டும்.

இதைப் படித்துச் சிரிக்கவும் வேண்டாம். எல்லா விஞ்ஞானமும் நம் ஓலைச்சுவடியிலேயே இருந்தது என்று மார் தட்டவும் வேண்டாம். மரத்துக்குப் பித்தம் கிடையாது, பித்தப்பையும் கிடையாது. ஆனால் சுரபாலர் செய்த ஒரு காரியம் மிகப் பெரியது. 'இலை மஞ்சளாகிறது, இது கர்மவினை' என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போகவில்லை. மஞ்சளில் ஒரு வகையையும் வெளுப்பில் இன்னொரு வகையையும் பிரித்தார்; வகைக்கு ஒரு காரணமும் காரணத்துக்கு ஒரு மருந்தும் தேடினார். மாமிசமும் கொழுப்பும் எள்ளுப் பிண்ணாக்கும் உளுந்தும் போட்டு ஊற வைக்கும் 'குணபஜலம்' என்ற திரவத்தைச் செடிகளுக்கு ஊற்றச் சொன்னார். அதில் தழைச்சத்து நிறைய உண்டு என்பதை இன்றைய ரசாயனம் மறுக்காது. காரணம் தப்பாக இருந்தாலும் கைமருந்து சில சமயம் பலித்திருக்கும். ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்று சொல்லத்தான் அவரிடம் வழி இல்லை.

*

அந்த வழியைக் கண்டுபிடிக்க மனிதன் கண்ணாடி ஜாடிக்கு வர வேண்டியிருந்தது.

செடி எதைத் தின்று வளர்கிறது என்ற கேள்விக்கு, வான் ஹெல்மாண்ட் என்ற மேலைநாட்டு அறிஞர் ஒரு பரீட்சை செய்து பார்த்தார். 200 ராத்தல் மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 ராத்தல் ஆயிற்று. மண்ணை எடை போட்டார். 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. 'மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சாயிற்று. காற்றிலிருந்து செடி சாப்பிடும் என்பது அவருக்குத் தெரியாது. அது போகட்டும், குறைந்து போன அந்த 2 அவுன்ஸை அவர் அலட்சியம் செய்தாரே, அதில்தான் நம்முடைய மஞ்சள் இலையின் ரகசியம் ஒளிந்திருந்தது.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1843இல், பிரான்ஸ் தேசத்தில் யூசேப் கிரி என்பவர் வெளுத்துப் போன செடிகளுக்கு இரும்பு உப்பைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார். இலை பச்சையாயிற்று. சோகை பிடித்த பெண்ணுக்கு அயச்செந்தூரம் கொடுப்பது போலச் செடிக்கும் அயம் கொடுக்கலாம் என்று ஆயிற்று. 1860இல் ஜெர்மனியில் சாக்ஸ் என்ற தாவர சாஸ்திரி இன்னும் ஒரு படி மேலே போனார். மண்ணையே விட்டுவிட்டார். அறைக்குள்ளே, கண்ணாடி ஜாடியில், சுத்தமான தண்ணீரில் உப்புகளைக் கரைத்து, அதில் வேரைத் தொங்கவிட்டு நாற்றுகளை வளர்த்தார். க்னோப் என்பவரும் அதே சமயத்தில் அதே வேலையைச் செய்தார். இனி வேடிக்கை பாருங்கள்: ஒரு ஜாடியில் எல்லா உப்பும் போடு, இன்னொரு ஜாடியில் இரும்பை மட்டும் நிறுத்து, மூன்றாவதில் மெக்னீசியத்தை நிறுத்து. எந்த ஜாடியில் எந்த இலை எப்படி நிறம் மாறுகிறது என்று குறித்துக் கொண்டே வா. ஊமைச் செடியின் பாஷைக்கு அகராதி தயாராகிவிட்டது!

அந்த அகராதியின் முதல் பாடம் மனத்தை உருக்கக் கூடியது. செடிக்குத் தழைச்சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது எது? தளிர் அன்று, அடியில் உள்ள முதிர்ந்த இலை. மண்ணில் உணவு கிடைக்காத போது அந்தக் கிழட்டு இலை தன்னிடம் உள்ள சத்தைப் பிரித்துத் தளிருக்கு அனுப்பிவிட்டுத் தான் மஞ்சளாகி உதிர்கிறது. பஞ்ச காலத்தில் தன் பங்குக் கஞ்சியைப் பேரப்பிள்ளையின் கிண்ணத்தில் சாய்த்துவிட்டு, 'எனக்குப் பசியில்லை' என்று சொல்லும் பாட்டியைப் போல. மெக்னீசியம் குறைந்தாலும் இப்படியே. ஆனால் அங்கே நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பாகம் மட்டும் மஞ்சளாகும். சாம்பல்சத்து குறைந்தால் முதிர்ந்த இலையின் ஓரம் கருகும். இரும்பும் கந்தகமும் அப்படி இடம் பெயராதவை. பழைய இலையில் ஒரு முறை சேர்ந்தால் எளிதில் வெளியே வருவதில்லை. ஆகவே அவை குறைந்தால் வெளுப்பது தளிர்தான். இரும்பு இல்லாத தளிரில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். கந்தகம் இல்லாத தளிர் ஒரே சீராக வெளுக்கும்.

ஏன் மெக்னீசியம் இல்லாவிட்டால் பச்சை போய்விடுகிறது? அதையும் ஜெர்மானியர் ஒருவர் கண்டுபிடித்தார். இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்து ஆராய்ந்த வில்ஸ்டேட்டர், அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு மெக்னீசிய அணு இருப்பதைக் காட்டினார். 1915இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகத்தின் பசுமை அத்தனையும் அந்தச் சின்னஞ்சிறு அணுவைச் சுற்றிக் கட்டிய கோபுரம் என்றால் மிகையாகாது.

*

ஜாடிச் செடிகள் ஜெர்மனியில் வளர்ந்து கொண்டிருந்த அதே சமயத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்ட வேறு சில இளஞ்செடிகள் நம் தமிழ்நாட்டை நோக்கி வந்து கொண்டிருந்தன. அவற்றை நம்பிப் பல லட்சம் உயிர்கள் இருந்தன.

மலைக்காய்ச்சல் என்ற மலேரியாவுக்கு அந்நாளில் இருந்த ஒரே நல்ல மருந்து கொய்னா. அது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சின்கோனா மரத்துப் பட்டையிலிருந்து கிடைப்பது. அந்த மரத்தை இந்தியாவில் வளர்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரைப் பெரு தேசத்துக்கு அனுப்பியது. அவர் 1860இல் காட்டுக்குள் அலைந்து கன்றுகளைச் சேகரித்தார். வார்டு என்ற ஆங்கில வைத்தியர் கண்டுபிடித்திருந்த மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் அவற்றை நட்டார். பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து நேராக இந்தியாவுக்குக் கொண்டு போய்விடலாம் என்பது அவருடைய விருப்பம். நடந்தது வேறு. பெட்டிகள் இங்கிலாந்து போய், அங்கிருந்து செங்கடல் வழியாகப் பம்பாய்க்கு வந்தன. குளிர்ந்த மலைக்காட்டுக் கன்றுகள் செங்கடலின் வெக்கையில் கண்ணாடிக்குள் வெந்தன. உதகமண்டலம் வந்து சேர்ந்த போது பெரும்பாலானவை வாடிக் கருகிக் கிடந்தன. கடைசியில் ஒன்று கூடப் பிழைக்கவில்லை.

அந்தக் கன்றுகளுக்கு எந்த மருந்தைத் தெளித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அவற்றுக்கு வந்த நோயின் பெயர் 'தப்பான பாதை'. அடுத்த வருஷம், 1861 ஏப்ரலில், ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் ஈக்வடார் பக்கத்திலிருந்து ரிச்சர்ட் ஸ்புரூஸ் சேகரித்துத் தந்த செம்பட்டைச் சின்கோனாக் கன்றுகளைத் தாமே கூட இருந்து கொண்டு வந்தார். 463 கன்றுகள் உயிரோடு உதகமண்டலம் சேர்ந்தன. அங்கே அரசாங்கத் தோட்டத்தைக் கவனித்து வந்த மெக்கைவர் அவற்றைப் பதியன் போட்டும் துண்டு நட்டும் பெருக்கினார். நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டமும் கொய்னாத் தொழிற்சாலையும் ஏற்பட்டது அந்தக் கன்றுகளின் வம்சத்தால்தான்.

*

மறுபடியும் நம்முடைய சாலைக்கு வருவோம்.

ராஜபாளையத்தின் வாழ்வு பருத்தியில் இருக்கிறது. 1936இல் ராஜபாளையம் மில் ஏற்பட்டது. பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது பட்டும் அல்ல, பாவாடைத் துணியும் அல்ல. காயத்துக்குக் கட்டுகிற பஞ்சு போன்ற மெல்லிய துணி. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் யாருடைய காயத்துக்கோ கட்டுப் போடுகிறார்களே, அந்தக் கட்டுத்துணி ஒரு வேளை இங்கே பிறந்ததாக இருக்கலாம். மனிதனின் புண்ணை ஆற்றுகிற அந்தப் பருத்திச் செடிக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது?

பார்ப்பதற்கும் ஏற்பாடு உண்டு. கோவில்பட்டியில் 1901லிருந்து கரிசல் மண்ணுக்கென்று ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, நடந்து வருகிறது. 'எஸ்.வி.பி.ஆர்.' என்ற எழுத்துக்களோடு வரும் பருத்தி ரகங்கள் அங்கே பிறந்தவை. ஆண்டாளின் ஊர் விதைப்பையின் மேலும் இடம் பிடித்துவிட்டது.

பருத்திக்கு வரும் தொல்லைகளில் ஒன்று இலை சிவப்பது. காய் பிடிக்கிற பருவத்தில் ஒரு நாள் காலையில் சம்சாரி வயலுக்குப் போகிறார். நேற்றுப் பச்சையாய் இருந்த செடி இன்று கல்யாணப் பெண்ணின் கூறைப்புடவை போலச் சிவந்து நிற்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் அந்த அழகில் அவருடைய கடன் இருக்கிறது, மகளின் கல்யாணம் இருக்கிறது, அடுத்த வருஷத்து விதை இருக்கிறது. என்ன செய்வார்? பயந்து போய் ஒரு சிவந்த இலையைப் பறித்து மடியில் வைத்துக் கொண்டு மருந்துக் கடைக்குப் போவார். கடைக்காரர் இலையை வாங்கி இப்படியும் அப்படியும் பார்ப்பார். பிறகு அலமாரியில் எந்தப் பாட்டில் முன்னால் இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுப்பார். வேலன் வந்துவிட்டான், வெறியாட்டுத் தொடங்கிவிட்டது!

உண்மையில் அந்தச் சிவப்புக்குக் காரணம் ஒன்றல்ல; நாலைந்து. காய்கள் பெருக்கும் போது இலையில் உள்ள தழைச்சத்தையும் மெக்னீசியத்தையும் அவை இழுத்துக் கொள்ளும். மண்ணில் வளம் இல்லாவிட்டால் முதிர்ந்த இலை சிவக்கும். இரவில் குளிர் அதிகமானாலும் சிவக்கும். வயலில் தண்ணீர் தேங்கி வேருக்கு மூச்சு முட்டினாலும் சிவக்கும். தத்துப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சினாலும் ஓரம் மஞ்சளாகிச் சுருண்டு, பிறகு சிவக்கும். முதலாவதற்கு மெக்னீசியம் சல்பேட்டும் யூரியாவும் கரைத்துத் தெளித்தால் செடி தேறும். இரண்டாவதற்குச் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. காலம் மாறக் காத்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு வேண்டியது மருந்தல்ல, மண்வெட்டி. வாய்க்காலை வெட்டி நீரை வடித்தால் போதும். நான்காவதற்குத்தான் பூச்சியைப் பற்றிய யோசனையே வேண்டும்.

இந்த நாலையும் பிரித்துச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். அடியில் பச்சை நிறத்தில் பொடிப் பூச்சிகள் பக்கவாட்டில் ஓடுகின்றனவா? ஓடினால் அது தத்துப்பூச்சி. ஒன்றும் இல்லையா? அப்படியானால் பூச்சிமருந்து அடிப்பது பணத்தைக் காற்றில் தூவுவதற்குச் சமம். பணம் மட்டுமா போகும்? தீமை செய்யும் பூச்சிகளைத் தின்று நமக்கு உபகாரம் செய்யும் பொறிவண்டும் சேர்ந்து சாகும். வெறியாட்டின் ஆட்டுக்குட்டி இங்கே பொறிவண்டு!

தத்துப்பூச்சியைப் பற்றி இன்னொரு செய்தி. கோயமுத்தூரில் அரசாங்கத் தாவர நிபுணராக இருந்து நெல் ஆராய்ச்சி செய்தவர் பார்னெல் என்ற ஆங்கிலேயர். அவர் பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் பார்பர்ட்டன் என்ற ஊருக்குப் பருத்தி ஆராய்ச்சிக்குப் போனார். அங்கே தத்துப்பூச்சியால் பருத்தி அழிந்து கொண்டிருந்தது. எந்தச் செடி தப்பிப் பிழைக்கிறது என்று வரிசை வரிசையாகப் பார்த்தார்கள். இலையின் அடியில் மயிர் அடர்ந்திருந்த செடிகள் தப்பின. வழவழப்பான இலை உள்ளவை மாண்டன. மயிரடர்ந்த செடிகளாகப் பொறுக்கி எடுத்து அவர் உண்டாக்கிய 'யு 4' என்ற ரகம் அந்தத் தேசத்துப் பருத்தியைக் காப்பாற்றியது. இங்கும் ரகசியம் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருந்தது. இலையின் முதுகைப் பார்க்காதவன் பாதிப் புஸ்தகத்தை மட்டும் படித்தவன்.

*

கடைசியாக ஒரு கதை. இதில் வடக்கும் தெற்கும், பழமையும் புதுமையும் ஒரே மனிதரிடம் சந்திக்கின்றன.

இமயமலையின் அடிவாரத்தில் தராய் என்ற ஈரப் பிரதேசம் உண்டு. காட்டை அழித்து அங்கே நெல் பயிரிட்டார்கள். 1960இல் பந்த்நகரில் விவசாயப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. ஆனால் அந்த மண்ணில் நெல் நாற்று கொஞ்ச நாள் நன்றாக நின்றுவிட்டுப் பிறகு வெளிறியது; இலை மேல் துரு நிறப் புள்ளிகள் படர்ந்தன; பயிர் குட்டையாகி நின்றுவிட்டது. வெற்றிலைக்குப் போடுகிற காசுக்கட்டியின் நிறமாக இருந்ததால், அந்த மரத்தின் பெயரைக் கொண்டே ஜனங்கள் அதற்குக் 'கைரா' என்று பேர் வைத்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் நேனே என்ற தாவர நோய் நிபுணர் இருந்தார். கிருமிகளைத் தேடுவது அவருடைய தொழில். ஆனால் கிருமியைத் தேடிப் புறப்பட்டவர் கிருமியில்தான் முடிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 1966இல் அவர் வெளியிட்ட முடிவு: இது கிருமியால் வந்ததல்ல, மண்ணில் துத்தநாகம் போதவில்லை. ஹெக்டேருக்கு 5 கிலோ துத்தநாக சல்பேட்டும் அதில் பாதிச் சுண்ணாம்பும் 1000 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் பயிர் பச்சையாகும் என்று காட்டினார். செடிக்குத் துத்தநாகம் தேவை என்பது ஜாடிப் பரீட்சைகளால் 1926இலேயே நிரூபணமாகியிருந்தது. ஆனால் நெல் வயலில் அதன் குறையை முதன் முதலாகக் கண்டுபிடித்துச் சொன்னது நம் தேசத்தில்தான். இன்று தமிழ்நாட்டு நெல் வயல்களிலும் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் அந்தத் துரு நிற இலை இருக்கிறது. வான் ஹெல்மாண்ட் தள்ளிவிட்ட 2 அவுன்ஸில் இந்தத் துத்தநாகத்தின் சிட்டிகையும் சேர்ந்ததுதான்.

கதை இதோடு முடியவில்லை. அதே நேனே, முதுமையில், 1994இல் ஆசிய விவசாய வரலாற்று நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சுரபாலரின் விருட்சாயுர்வேதச் சுவடி ஆக்ஸ்போர்டு நூல்நிலையத்தில் உறங்கிக் கிடந்தது. அதன் பிரதியை வரவழைத்து, நளினி சாதலே என்ற சமஸ்கிருத அறிஞரைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்து, 1996இல் வெளியிட்டார். துத்தநாகத்தைக் கண்டுபிடித்தவர், பித்தம் கபம் என்று எழுதிய பழையவரைத் தேடிப் போய் மரியாதை செய்தார். ஆயிரம் வருஷ இடைவெளியில் இருந்த இருவரும் ஒரே வேலையைச் செய்தவர்கள்: நிறம் மாறிய இலையின் முன் உட்கார்ந்து, 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டவர்கள். ஒருவருக்குப் பதில் அரைகுறையாய்க் கேட்டது. மற்றவருக்குத் தெளிவாய்க் கேட்டது. ஜாடிப் பரீட்சைகள் இடையில் வந்ததுதான் வித்தியாசம்.

*

வாசகர்களில் பலர் வயல் வைத்திருப்பவர்கள் அல்லர் என்பது தெரியும். ஆனால் மாடத்தில் ஒரு துளசியும் பால்கனியில் இரண்டு ரோஜாத் தொட்டியும் இல்லாத வீடு எது? அந்தத் துளசி ஒரு நாள் மஞ்சளாகும். 'ஐயோ, வாடுகிறதே!' என்று காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவோம். தொட்டியின் அடித்துவாரம் அடைபட்டு, நீர் தேங்கி, வேர் மூச்சுத் திணறித்தான் அது மஞ்சளாகியிருக்கும். நாம் அன்போடு ஊற்றுகிற ஒவ்வொரு செம்பும் அதற்கு ஆபத்து.

ஆகையால் செம்பைக் கீழே வைத்துவிட்டு முதலில் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரமா, காய்ச்சலா? மஞ்சளானது அடியிலையா, தளிரா? முழு இலையுமா, நரம்புக்கு இடையிலா? இலையைத் திருப்புங்கள், அடியில் யாராவது குடியிருக்கிறார்களா? துவாரத்தில் குச்சியை விட்டுப் பாருங்கள், நீர் வடிகிறதா? வெளியில் வளர்ந்த செடியை நேற்று இருட்டறைக்குள் கொண்டு வந்தோமா, அல்லது நிழலில் வளர்ந்ததைத் திடீரென்று வெயிலில் வைத்தோமா? இவ்வளவும் கேட்க ஐந்து நிமிஷம் ஆகும். இதற்குப் பிறகுதான் உரமோ மருந்தோ.

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தைத் தேடி, பிறகு தீர்க்கும் வழியைப் பார் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வரிசை வைத்துச் சொன்னார். நாம் பெரும்பாலும் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, மருந்தை முதலில் வாங்கிவிட்டு நோயைப் பிற்பாடு தேடுகிறோம். செடியிடம் மட்டுமா இப்படிச் செய்கிறோம்? முகம் வாடிய குழந்தையிடமும், பேச்சுக் குறைந்த மனைவியிடமும், வேலையில் தளர்ந்த வேலைக்காரரிடமும் இதே அவசரம்தான். எல்லாருக்கும் வேலன் தயாராக இருக்கிறான், தோழிக்குத்தான் பஞ்சம்.

பெரியாழ்வார் நந்தவனத்தில் தினமும் குனிந்து பார்த்தவர். பந்த்நகரத்து நிபுணரும் வயலில் குனிந்து பார்த்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி வயலில் சிவந்த இலையைப் பறித்து மடியில் வைத்துக் கொள்ளும் சம்சாரியும், கடைக்குப் புறப்படும் முன் ஒரு தரம் அதைத் திருப்பிப் பார்த்தாரானால், பாதி வைத்தியம் வரப்பிலேயே முடிந்துவிடும்.